பழக்காத தட்டு

நிற்கிறது. இன்னமும் நிற்கிறது. சூடேற்றுகிற சேம்பரின் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்க்கிறேன், மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிப் போகிறது, துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறேன், சவம், அப்படியேதான் நிற்கிறது. இந்நேரம் சாய்ந்திருக்க வேண்டும். இலை ஊசி மாதிரிச் சுருண்டு, நுனி வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்க வேண்டும். போன தடவை அப்படித்தான் கிடந்தது, அதற்கு முந்தின தடவையும். நெல் நாற்றுதானே, நாற்பத்தைந்து டிகிரியில் பூட்டி வைத்தால் வேறென்ன செய்யும்? மேலே இருக்கிற தட்டு நிற்கலாம், அதைக் கேட்க ஆளில்லை, அது பழக்கின தட்டு. அதற்குப் பத்து நாளாகத் தினமும் இளஞ்சூடு காட்டி, நேற்று ஆறவிட்டு, இன்றைக்குத்தான் இந்தப் பெருஞ்சூட்டுக்குள் வைத்தேன். அது நிற்கும் என்பதுதான் என் ஆராய்ச்சியே. கீழே இருப்பது பழக்காத தட்டு. குளிரூட்டின கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்து, சூடு என்றால் என்னவென்றே தெரியாமல் நேரே உள்ளே போனது. அது விழுந்தால்தான் இது நின்றதற்கு அர்த்தம். இரண்டும் நின்றால் நான் யாரிடம் போய் என்ன சொல்ல? வெயில் தாங்குகிற நெல் என்றா? அப்படி ஒரு நெல் கிடைத்தால் எனக்கென்ன கசக்கவா செய்யும், ஆனால் இந்த ரகத்தை எனக்குத் தெரியும், கொஞ்சம் வெயில் ஏறினால் கதிரெல்லாம் பதராகிப்போகிற ரகம், இதற்கு இவ்வளவு வீராப்பு எங்கிருந்து வந்தது? மேஜைமேல் போன் அதிர்கிறது. அம்மா. கவிழ்த்து வைக்கிறேன். கவிழ்த்து வைத்தாலும் அது அதிர்ந்துகொண்டே மேஜை ஓரத்துக்கு நகர்கிறது, பிடித்து நடுவில் வைக்கிறேன், விழுந்துவிடக் கூடாதே.

எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. சீட்டு மாறியிருக்குமோ, பழக்கினதில் பழக்காதது என்று ஒட்டிவிட்டேனோ? இல்லை, பழக்கின தட்டு குட்டையாக இருக்கும், எந்தக் குருடியும் கண்டுபிடித்துவிடுவாள், குட்டை மேலே இருக்கிறது, நெட்டை கீழே இருக்கிறது. சேம்பர் முள் பொய் சொல்கிறதோ? கதவைத் திறந்து கையை விட்டால் தெரிந்துவிடும், ஆனால் திறந்தால் சூடு இறங்கிவிடும், திறக்கக் கூடாது என்று நானே கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கதவுக்கு வெளியே கை வைத்தாலே கொதிக்கிறது, முள் பொய் சொல்லவில்லை. விதை மாறியிருக்குமோ? ஒரே பைதான். அப்படியென்றால் காலையில் எடுத்து வரும்போது ஏதாவது? கண்ணாடிக் கூடத்திலிருந்து தட்டைத் தூக்கினேன். வந்தேன். நேரே வந்தேன். வந்து குளிர் அறையில் வைத்தேன், மத்தியானம் சேம்பருக்கு மாற்றினேன். அவ்வளவுதான். மறுபடியும் போன். இந்த அம்மாவுக்கு ஒரு பொறுமை கிடையாது. இன்றைக்குச் சாயங்காலம் முக்கூடலில் எங்கள் வீட்டில் என் தங்கை ஆவுடைக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை யாரோ எவரோ இல்லை, என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி சுடலைமுத்து. அக்காளும் தங்கச்சியும் ஒரே வீட்டுக்கு மருமகள். கேட்டவர்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள் என்று கன்னத்தில் கை வைக்கிறார்கள். மூத்தவள் நான் விடியற்காலையிலேயே போய் நின்றிருக்க வேண்டும், கோலம் போடவும் வெற்றிலை அடுக்கவும். "இலை பறிக்கணும்மா, இன்னைக்கு விட்டா எல்லாம் பாழாப்போயிரும், சாயங்காலம் வந்துருதேன்" என்று சொல்லிவிட்டேன். "கூடப்பிறந்தவளவிட உனக்கு இலை பெருசாப்போச்சு" என்றாள் அம்மா. இலை பெரிதெல்லாம் இல்லை. எனக்கு அங்கே போய் நிற்கக் கால் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கப் போனால் வேலை ஓடாது.

எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுக்கும்போது ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன்: செடியால் எழுந்து ஓட முடியாது. மாடென்றால் நிழலுக்குப் போகும், மனிதன் ஃபேனைப் போடுவான், செடி நட்ட இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். சூடு ஏறினால் அதற்குள் இருக்கிற புரதமெல்லாம் குலையும், முட்டை வெந்து கெட்டியாகிற மாதிரி. குலைகிறவற்றைத் தாங்கிப் பிடிக்கிறதற்கென்றே சில புரதங்கள் உண்டு. சாதாரண நாளில் அவற்றுக்கு வேறொரு வேலை, மணியடிக்கிறவன் ஒருவனை எழுந்திரிக்கவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது. சூடு வந்ததும் அவை பதறியடித்துக்கொண்டு குலைகிறவற்றைப் பிடிக்க ஓடும், பிடி விட்டதும் இவன் எழுந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் தட்டுவான், எழுந்திரி, எழுந்திரி, சூடு வந்துவிட்டது. எழுந்த மரபணு தாங்கிப் பிடிக்கிற புரதங்களை மேலும் மேலும் செய்து தள்ளும். ஆறினதும் அடங்கும், ஆனால் முழுக்க அடங்காது. இறுகச் சுற்றி வைத்த நூல்கண்டு மாதிரி இருக்கிற டி.என்.ஏ. அந்த ஒரு இடத்தில் மட்டும் நெகிழ்ந்தே கிடக்கும். அடுத்த தடவை தட்டக்கூட வேண்டாம், தொட்டாலே எழுந்துவிடும். "இதுக்குப் பேர்தான் மேடம் பழகிக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நல்லதுதான, எல்லாச் செடியையும் பழக்கிட்டா என்ன?" என்றாள். நல்ல கேள்வி. பழக்கின தட்டைப் பார், குட்டை. உள்ளே அந்த மணி அடிக்கிற வரைக்கும் மற்ற மரபணுக்கள் வாயைப் பொத்திக்கொள்ளும். வேர் விடாது, தூர் கட்டிக் கிளைக்காது. உயிர் பிழைக்கும், வளராது. சூடு படாமல் கொஞ்ச நாள் ஆறவிட்டால் அந்த நினைவு மங்கிப்போய் மறுபடி வளரும், ஆனால் யார் ஆறவிடுகிறார்கள், அதுவும் இந்தத் திருநெல்வேலி வெயிலில்?

என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் நல்ல மனிதர். பாளையங்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோபம் வரும், அவ்வளவுதான். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். பெரும்பாலும் டம்ளர். ஒரு தடவைகூட என்மேல் பட்டதில்லை, சுவரில்தான் படும், அதைச் சொல்ல வேண்டும். "கோவம் இருக்கிற எடத்துலதான் குணம் இருக்கும்" என்பார் அத்தை, சுவரில் வழிகிற காப்பியைத் துடைத்துக்கொண்டே. "பால் பொங்குன மாதிரி, தண்ணி தெளிச்சா அடங்கிரும்" என்பார். துடைத்துத் துடைத்து அந்த அம்மாளுக்கு முதுகே வளைந்துவிட்டது, அதை யாரும் சொல்வதில்லை. முதல் தடவை டம்ளர் பறந்தபோது எனக்குக் காது அடைத்துப்போனது. சோறு இறங்கவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு எப்போது சரியானது என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் குரல் ஏற வேண்டியதில்லை, அவர் மூச்சு மாறினாலே எனக்குத் தெரிந்துவிடும், பதற்றமும் கிடையாது, அழுகையும் கிடையாது, அமைதியாக எழுந்து அடுத்த வேலையைப் பார்ப்பேன். "உனக்கு என்ன பொறுமைட்டி" என்று பெரியம்மா மெச்சினாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஆவுடை மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "யக்கா, நீ இப்பல்லாம் சிரிச்சா சத்தமே வர மாட்டேங்கே, ஏன்?" ஏட்டி, போய் வேலையைப் பாரு என்று தலையில் தட்டினேன். அவள் சிரித்தால் நாலு வீடு கேட்கும். குக்கர் விசில் அடித்தால் இன்னமும் துள்ளுவாள், வயது இருபத்துமூன்று ஆகிறது, ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு துள்ளு, யம்மா என்று ஒரு சத்தம், பிறகு தன்னைப் பார்த்துத் தானே ஒரு சிரிப்பு. "யக்கா, அந்த வீட்ல நீ இருக்கேல்லா, எனக்கென்ன பயம்" என்றாள் பேச்சு எடுத்த அன்றைக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சுடலை ஒரு நாள் உப்புக் கூடிப்போனதென்று சோற்றுத் தட்டை அப்படியே காலால் தள்ளிவிட்டு எழுந்து போனது என் கண்முன்னால் வந்தது, பருக்கை அலமாரிக்கு அடியில்கூடக் கிடந்தது, அத்தையும் நானும்தான் பொறுக்கினோம். ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்த் தட்டு நிற்கிறது. நிற்கிறதை நிற்கவில்லை என்று சொல்ல முடியுமா, பச்சையாக, நிமிர்ந்து, என்னைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சூடும் படாதது இப்படி நிற்காது. அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்கே தெரிந்தது? கண்ணாடிக் கூடத்திலிருந்து தூக்கினேன், வந்தேன். நேரேதான் வந்தேனா? வாசல், படி, பிறகு அந்தக் கைப்பிடிச் சுவர். கைப்பிடிச் சுவர். அட பாவி. போன் வந்தது. அம்மா கூப்பிட்டாள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்ததால் அதைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். நான் வேப்பமரத்து நிழலுக்குப் போனேன், தட்டை வெயிலிலேயே விட்டுவிட்டுப் போனேன். கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு, சிமென்ட் சுவர், சித்திரை மாதத்து வெயில், செடியைப் பழக்க இதற்குமேல் ஒரு சேம்பர் வேண்டுமா? பேச்சு முடிந்து வந்து தூக்கியபோது தட்டு கையைச் சுட்டது. சுட்டது நினைவிருக்கிறது. சுட்டதும் உதறினேன், துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தேன், அப்போதுகூட உறைக்கவில்லை, மனசு முழுக்க அம்மா கேட்ட கேள்வியிலும் நான் சொன்ன பதிலிலும் கிடந்தது. நேரே வந்தேன், நேரே வந்தேன் என்று இவ்வளவு நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதற்குத்தான், அந்தப் பேச்சைத் தொடாமல் சுற்றிப் போவதற்கு. அம்மா சுற்றி வளைக்கவில்லை. "வடிவு, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. ஆவுடை நீ சொன்னா சரின்னுட்டா, நானும் அப்படித்தான். சுடலைக்கு அவிய அண்ணன மாதிரிக் கோவம் வருமா?" இவ்வளவு வருஷத்தில் அம்மா அவர் கோபத்தைப் பற்றி வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அப்படியென்றால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஊர்க்கதை, சேலைக்கதை எல்லாம் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன், அவள் விடவில்லை, மறுபடியும் கேட்டாள். கடைசியில் சொன்னேன். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழகிரும்மா." அம்மா யாரிடமோ வெற்றிலையை உள்ளே வைக்கச் சொன்னாள். பிறகு, "நீ சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டாள்.

"ஏம்மா வடிவு! கீழத் தட்டும் நிக்குதே!" ஹெப்சிபா மேடம் பின்னால் வந்து நிற்கிறார், என் வழிகாட்டி, ஓய்வு பெறுவதற்குள் ஒரு நல்ல ரகத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வாய்க்கு வாய் சொல்கிறவர். டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியருகே குனிகிறார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! பழக்காமலே நிக்குதுன்னா இது லேசுப்பட்ட விஷயம் இல்லம்மா. நாளைக்கே டைரக்டர்ட்டச் சொல்லிருவோம்." அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும், சுவருக்கும் வேப்பமரத்துக்கும்தான் தெரியும். நான் பேசாமல் இருப்பதில் தேர்ந்தவள். ஆனால் எவனோ ஒரு விவசாயி இதை நம்பி வயலில் விதைத்து, வெயிலில் பதராகி நிற்பான், அப்போதும் யாரோ ஒருத்தர் பழகிவிடும் என்று அவனிடம் சொல்வார்கள். "இல்ல மேடம்" என்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொல்கிறேன். "இது பழக்காத தட்டு இல்ல மேடம். காலைல வெளிய வெயில்ல வச்சிட்டேன். போன் வந்துச்சு. ரொம்ப நேரம் பேசிட்டேன். அதுலயே பழகிருச்சு." மேடம் நிமிர்கிறார். "வெயில்லயா? நீயா?" என்கிறார். "சின்னப் பிள்ள செஞ்சா பரவால்ல, உனக்கு அறிவு எங்கம்மா போச்சு? இவ்வளவு நாள் வேலை, அத்தனையும் போச்சே!" குரல் உயர்கிறது. நியாயமான குரல்தான், நானும் இப்படித்தான் கத்தியிருப்பேன். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். குனிந்த கண்ணுக்கு என் கை தெரிகிறது. என் வலது கை மேடத்தின் டீ கிளாஸை எடுத்து, அவருக்கு எட்டாத தூரத்தில், மேஜையின் அந்தக் கோடியில், சுவரோரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. நான் வைக்கச் சொல்லவில்லை. அதுவாகவே போகிறது. அடுத்ததாகக் கண்ணாடிக் குடுவையை எடுக்கிறது.

மேடம் கத்துவதை நிறுத்திவிட்டார். "வடிவு, என் டீயை ஏம்மா தூக்கிட்டுப் போற?" என்கிறார். "நான் என்ன எடுத்து எறியவா போறேன்?" என்று சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. குடுவையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவர்தான் விரலை விரித்து மெதுவாக வாங்கி வைக்கிறார். பொறுமை என்று பெரியம்மா மெச்சினது இதைத்தான். ஐயோ, எனக்குள் எத்தனை வருஷமாக அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டும் பாடம் எடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். எனக்கு வீட்டுக்காரர்மேல் கோபமா, அம்மாமேல் கோபமா, என்மேல் கோபமா, தெரியவில்லை, உடம்பு நடுங்குகிறது, நடுங்குவதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, இப்படி நடுங்கி எவ்வளவு காலமாயிற்று. "கீழத் தட்டக் கொட்டிருவோம்" என்கிறார் மேடம், குரலைத் தாழ்த்தி. "பழகினத எடுத்து வச்சுப் பழகாததுன்னு கணக்குக் காட்ட முடியாது. புது வெத போட்டுக்கலாம், அது ஒண்ணும் பெரிய காரியமில்ல. நீ மொதல்ல உக்காரு." உட்காரவில்லை. போனைத் திருப்பிப் பார்க்கிறேன். அம்மா, அம்மா, அம்மா, நடுவில் ஒரு ஆவுடை. மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பியிருக்கும். அதில் என் வீட்டுக்காரர் இருப்பார், அத்தை மடியில் பூக்கூடையோடு இருப்பார், சுடலை புதுச் சட்டையில் இருப்பான். நான் இப்போது வாயைத் திறந்தால் அந்த வேன் வெறுங்கையோடு திரும்பும், சுவரில் டம்ளர் படுவதோடு போகாது, இந்தத் தடவை போகவே போகாது. பயமாக இருக்கிறது. நன்றாகவே பயமாக இருக்கிறது. அம்மா எண்ணை அழுத்துகிறேன்.

"எங்கட்டி இருக்க?" முதல் மணியிலேயே எடுக்கிறாள். "வேன் பேட்டை தாண்டிட்டாம், நீ என்னன்னா போனையும் எடுக்க மாட்டேங்க." பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், பாத்திரச் சத்தம். "ஆவுடைட்டக் குடும்மா." "அவ தலைக்குப் பூ வச்சுக்கிட்டிருக்கா, எதுன்னாலும் என்கிட்டச் சொல்லு." "அவட்டக் குடு." என் குரலில் என்ன இருந்ததோ, அம்மா ஆவுடையைக் கூப்பிடுகிறாள். போன் கை மாறுகிறது. "யக்கா! உன் மாங்கா கலர் பட்டைத்தான் கட்டியிருக்கேன், நீ வந்து திட்டக் கூடாது, கேட்டியா?" என்று ஒரே மூச்சில் ஆரம்பிக்கிறாள். "ஏட்டி, நான் சொல்லுதத முழுசாக் கேளு. அத்தான் டம்ளர் எறிவாக. அடிக்கடி எறிவாக. சுடலை சோத்துத் தட்டக் காலால தள்ளுவான், நான் பாத்திருக்கேன். பழகிரும்னு காலைல அம்மாட்டச் சொன்னேன். பழகத்தான் செய்யும். எனக்குப் பழகிருச்சு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." என் தங்கை பேசாமல் இருந்து நான் கேட்டதே கிடையாது. நாலு வீடு கேட்கச் சிரிக்கிறவள், மூச்சு மட்டும் கேட்கிறது. திடீரென்று அவள் வீட்டு அடுப்படியில் குக்கர் விசிலடிக்கிறது. "யம்மா!" என்று துள்ளுகிறாள், வளையல் குலுங்குகிறது. "பயந்துட்டியா?" "ஆமாக்கா, இந்த எழவு குக்கரு." சிரிக்கவில்லை அவள். எனக்குக் கண்ணெல்லாம் நீராகக் கொட்டுகிறது. "நல்லது. பயந்துக்கோ. இப்படியே துள்ளு. நீ பழகிக்காத, கேட்டியா? பழகிக்காத. அம்மாட்டப் போனைக் குடு, வேண்டாம்னு நானே சொல்லுதேன்." குடுக்க மாட்டேன் என்கிறாள். மூக்கை உறிஞ்சுகிறாள், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள், "யக்கா, நீ வேண்டாம்னு சொல்லிட்டு ராத்திரிக்கு எங்க போவ?" இதை நான் யோசிக்கவே இல்லை. சேம்பருக்குள் இரண்டு தட்டும் நிற்கிறது, மேடம் போய்ச் சூட்டை நிறுத்துகிறார், அந்த இரைச்சல் அடங்குகிறது. "அங்கதான் வாரேன்" என்கிறேன். "எனக்கும் சேத்து உலை வைக்கச் சொல்லு."